மகளின் பெயரில் ஒரு துண்டுக் காணி

1

ஆக்லாந்தில் தக்காளி நடுவதற்கென்று ஒரு நாள் இருக்கிறது. ஒக்டோபர் கடைசியில் வருகிற லேபர் வீக்கெண்ட். அந்த மூன்று நாள் விடுமுறையில் ஊர் முழுக்கக் கன்றும் கையுமாகத் திரியும். முந்தி நட்டால் குளிரில் போய்விடும். பிந்தி நட்டால் டிசம்பரில் நத்தாருக்குப் பழம் இராது. இங்கு தோட்டம் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து நான் அந்த நாளைத் தவறவிட்டதில்லை. மனைவி கிறேஸ் சொல்லுவாள், எங்கள் கலியாண நாளை மறந்தாலும் தக்காளி நாளை மறக்கமாட்டார் என்று. உண்மைதான்.

போன லேபர் வீக்கெண்டுக்கு முந்தின சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனபோது கையில் கன்று இருக்கவில்லை. நடக்கத்தான் போனேன். ஜூனில், இங்கே குளிர்காலத் தொடக்கத்தில், எனக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். காலில் இருந்த இரத்தக்குழாயை உருவி இதயத்தில் தைத்திருக்கிறார்கள். அதன் பிறகு தையலுக்கு இடப்பக்கம் தொட்டால் எனக்குத் தெரிவதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டேன். சிலருக்கு உணர்ச்சி திரும்பிவரும், சிலருக்கு வராது, தோல் மட்டும்தான், கவலைப்படவேண்டாம் என்றார்கள். நானும் தோல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டம் ஒடாஹுஹுவில் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கிறது. கவுன்சில் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, காய்கறி செய்ய விரும்புகிற ஆட்களுக்கு ஆண்டுக்கு ஆண்டு குத்தகைக்கு விடுவார்கள். அலொட்மென்ட் என்று பெயர். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு எங்களிடம் இருந்தது. நான் படுக்கையில் கிடந்த மாதங்களில் கிக்குயூ புல் இரண்டையும் மூடிவிட்டது. இந்த நாட்டில் என்னைவிட உறுதியாகக் குடியேறிய ஒரே பிறத்தியான் அந்தப் புல்தான். வேரோடு பிடுங்கினாலும் அடுத்த கிழமை வந்து நிற்கும். கத்தரிப் பாத்தி, மிளகாய்ப் பாத்தி, பூசணி படரவிட்ட இடம் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரே பச்சை.

பழைய ஆளாக இருந்தால் எனக்கு வயிறு எரிந்திருக்கும். அன்றைக்கு ஒன்றும் எரியவில்லை. யாரோ ஒருவருடைய காணியைப் பார்ப்பதுபோல பார்த்துக்கொண்டு நின்றேன்.

2

ஷெரில் அங்கே வந்தார். எங்கள் தோட்டக் கமிட்டியின் செயலாளர். எழுபதை நெருங்குகிற வெள்ளைக்காரப் பெண்மணி. மழையோ வெயிலோ அரைக்காற்சட்டையும் ரப்பர் கம்பூட்ஸும்தான். என் நெஞ்சை விசாரித்தார். பிறகு என் புல்லைப் பார்த்தார்.

“இரண்டு உங்களுக்கு இனி அதிகம் இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார். “ஒன்றாகக் குறைத்துக்கொண்டால் என்ன? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே ஆட்கள் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள்.”

“ஓம், அதிகம்தான்” என்று சொல்ல நினைத்து “யெஸ்” என்றேன்.

“அப்படியென்றால் எதை விடுகிறீர்கள்?”

இதுதான் சிக்கல். வாசிக்கிற உங்களுக்கு இது ஒரு சிக்கலாகவே தெரியாது. இரண்டில் ஒன்றை விட்டால் முடிந்தது என்பீர்கள். ஆனால் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், நாள் முழுக்க வெயில் விழுகிற நல்ல துண்டு மகள் ஷாமினியின் பெயரில் இருக்கிறது. கீழே வாய்க்காலோரம், மழை பெய்தால் கணுக்கால் புதைகிற களித்தரைதான் என் பெயரில் இருக்கிறது. ஷாமினி வெலிங்டனுக்குப் போய்ப் பல வருடம். இந்த வருடம் கமிட்டி ஒரு புதிய விதி கொண்டுவந்திருந்தது. துண்டு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் நேரில் வந்து, தான் ஆக்லாந்தில்தான் வசிக்கிறேன் என்று சொல்லவேண்டும்.

“களித்தரையை விட்டுவிட்டு மற்றதை நான் வைத்திருக்கிறேனே?” என்றேன்.

“மற்றது உங்களுடையது இல்லையே” என்றார் ஷெரில். “உங்கள் மகள் வந்து, இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்னால் அவர் வைத்திருக்கலாம். நீங்கள் உதவிசெய்யலாம். இல்லையென்றால் அது வரிசையில் அடுத்த ஆளுக்குப் போகும்.”

பிறகு என் முகத்தில் என்ன கண்டாரோ, “லேபர் வீக்கெண்டுக்கு மகள் வருவார் என்றீர்களே, வந்ததும் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லிப் போய்விட்டார்.

3

ஏன் நல்லதை மகளின் பெயரில் போட்டேன் என்று இங்கே பலபேர் கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் மட்டும் கேட்டதில்லை.

முதலில் எங்களிடம் குழாயடித் துண்டு மட்டும்தான் இருந்தது. ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் தொழிற்சாலை வேலை முடிந்து நேரே அங்கே போய்விடுவேன். அந்த மண்ணை மண்ணாக்கியது நான். புக்கெகோஹியில் மரக்கறி பொதிசெய்கிற இடத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் தயவில் டிரெய்லர் டிரெய்லராகச் செம்மண் கொண்டுவந்து கொட்டினேன். எங்கள் ஆட்கள் புக்கெகோஹிப் பக்கம் போனால் ஐயோ எங்கட செம்மண் என்று காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். நிறம்தான் ஒன்று. அது எரிமலை மண், ஈரம் பிடிக்கும். ஊர்ச் செம்மண் காலையில் இறைத்த தண்ணீரை மத்தியானத்துக்கு முன் குடித்துவிட்டு இன்னும் கேட்கும்.

பக்கத்துத் துண்டு காலியானபோது ஒரு ஆளுக்கு ஒரு துண்டு என்ற விதி இருந்தது. ஷாமினிக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. அவளுக்குப் புதியதை எடுத்திருக்கலாம். அப்படித்தான் யாரும் செய்வார்கள். நான் அப்போதிருந்த செயலாளரிடம் போய், பழைய துண்டை மகளின் பெயருக்கு மாற்றுங்கள், புதியதை நான் எடுக்கிறேன் என்றேன். அந்தக் காலத்தில் விதிகள் இத்தனை இறுக்கமில்லை. அந்த மனிதர் சிரித்தார். வழக்கமாக ஆட்கள் மறுபக்கமாகத்தான் கேட்பார்கள் என்றார்.

எனக்கு மறுபக்கமாகக் கேட்கத் தோன்றவேயில்லை. எங்கள் வீட்டில் அப்பா காணி பிரித்தபோது கிணற்றடித் தோட்டம் அக்காவுக்குப் போனது. எனக்கும் தம்பிக்கும் கல்லுத்தரை. நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம், ஒரு சொல் சொல்லவில்லை. கோபம் வந்து அடக்கிக்கொண்டோம் என்று நினைக்கவேண்டாம். கோபமே வரவில்லை. நல்ல காணி பெட்டைப்பிள்ளைக்கு. சோற்றை வலக்கையால் சாப்பிடுகிற மாதிரி அது ஒரு பழக்கம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற கவுன்சில் குத்தகைக்கும் அந்தப் பழக்கத்தையே கொண்டுவந்துவிட்டேன். விற்கமுடியாத, எழுதிக்கொடுக்கமுடியாத, வேலிகூடப் போடக்கூடாத நிலம். அதை மகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கடமை முடித்த மனிதனாக வீட்டுக்கு வந்தேன்.

ஷாமினி காதில் பாட்டைக் கேட்டுக்கொண்டு படிவத்தைக் கார் பொனெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கிறேஸ் பின்னால் நின்று, “சீதனம் குடுத்தாச்சு, இனி மாப்பிளைதான் பாக்கி” என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அந்தத் துண்டுக்குப் பெயர் சீதனக் காணி. சீதனக் காணியில வெண்டி வந்திட்டுதோ, சீதனக் காணிக்குத் தண்ணி விட்டீங்களோ. ஷாமினி பகிடியாக எடுத்து வெள்ளைக்காரச் சிநேகிதிகளிடம் என்னிடம் ஒரு காணி இருக்கிறது தெரியுமா என்று சொல்லுவாள். அவளுடைய தமிழில் ஒழுங்காக வருகிற சில சொற்களில் ‘காணி’ ஒன்று.

அக்கா கலியாணம் முடித்துக் கொஞ்ச நாளில் டொரொன்டோவுக்குப் போய்விட்டார். அந்தக் கிணற்றடியில் அவர் ஒரு மிளகாய்க் கன்றுகூட நட்டதில்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு தொலைபேசியில் கதைத்தபோது ஏதோ பேச்சில் அந்தக் காணியைப் பற்றிக் கேட்டேன்.

“அது எங்க துடங்கி எங்க முடியுதெண்டே எனக்கு இப்ப காட்டத் தெரியாது தம்பி” என்றார்.

பிறகு என்ன மருந்து எடுக்கிறாய் என்று கேட்டார். பேச்சு அதில் போய்விட்டது.

4

ஷெரிலுக்கு மேலே ஒரு இடம் இருக்கும் என்று நினைத்துக் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தேன். நீண்ட நேரம் சங்கீதம் கேட்டபின் ஒரு பெண் வந்தாள். துண்டின் இலக்கத்தைச் சொன்னேன். நீங்களா அதன் உரிமையாளர் என்று கேட்டாள். நான் அவருடைய தகப்பன் என்றேன். ‘லவ்லி’ என்றாள். பிறகு, தனிநபர் விவரம் என்பதால் அந்தத் துண்டைப் பற்றி என்னோடு கதைக்கமுடியாது என்றாள்.

“அதில் நடுகிறது நான்” என்றேன்.

“புரிகிறது” என்றாள். “ஆனால் அதை வைத்திருப்பதோ சரண்டர் செய்வதோ அவருடைய முடிவு.”

சரண்டர். இங்கிலீசில் குத்தகையைத் திருப்பிக் கொடுப்பதற்கு அது சாதாரணச் சொல்தான். ஆனால் யுத்தத்தைக் கண்ட எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லைக் காய்கறித் தோட்டத்துக்குப் பாவிப்பதில்லை. வேறேதும் உதவி வேண்டுமா என்று அவள் கேட்டாள். இல்லை, உங்களுக்கு நல்ல நாளாக இருக்கட்டும் என்று சொல்லி வைத்தேன். இந்த நாட்டில் எதை இழந்தாலும் அந்த வாழ்த்தைச் சொல்லிவிட்டுத்தான் வைக்கவேண்டும்.

தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த துண்டு கோபாலுடையது. மதுரைக்காரர். முன்பு என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

“இதுல என்னண்ணே இருக்கு? பாப்பா வரட்டும், ‘ஆமா, இங்கதான் இருக்கேன்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டும். வீடு வீடா வந்து கட்டிலுக்கு அடியில பாக்கவா போறாங்க?”

“பாக்கமாட்டினம்தான்.”

“அப்புறம் என்ன? நல்ல மண்ண விட்டுட்டு அந்தச் சேத்துல போயி என்ன பண்ணுவீங்க?”

களித்தரையில் வல்லாரை மட்டும் தானாக வரும். அது உண்மை. ஆராதனை முடிந்து தேவாலய வாசலில் நிற்கிறபோது சம்பலுக்கு வல்லாரை இருக்கோ என்று கேட்காதவர்கள் இல்லை. ஆனால் வல்லாரையை மட்டும் தின்று எத்தனை நாள் இருப்பது?

5

கிறேஸ் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் பார்க்கிறாள். நான் படுத்த பிறகு வீட்டில் எல்லாவற்றையும் அவள்தான் இழுத்துக்கொண்டு போகிறாள். என்மேல் அவளுக்கு இருந்த பெரிய குறை, நான் எதற்கும் சண்டை பிடிப்பதில்லை என்பது. முந்தி கறிக்கு உப்புக் குறைந்தாலே இரண்டு வசனம் சொல்லுவேன். இப்போது உப்பே போடாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுகிறேன். அது அவளுக்குப் பயமாக இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லமாட்டாள். உப்பைக் கூட்டிப் பார்ப்பாள், குறைத்துப் பார்ப்பாள்.

அவளுக்கு இந்த விஷயத்தில் சந்தேகமேயில்லை.

“பிள்ளை வந்து சொல்லட்டும். அதில என்ன பொய்? அவளின்ர உடுப்பு முழுக்க இஞ்ச கிடக்கு. பாங்கிலயிருந்து அவளுக்குக் கடிதம் இஞ்சதான் வருது. அவளின்ர கட்டிலுக்கு நான் மாதாமாதம் விரிப்பு மாத்திறன். பிறகு அவள் எங்க இருக்கிறாள்?”

“வெலிங்டனில” என்றேன்.

“அது வேலைக்கு.”

“நீர் சொல்லுறது சரிதான். ஆனா அவளிட்ட ஆர் கேக்கிறது?”

“நீங்கள்தான் கேக்கவேணும். குடுத்தது நீங்கள்.”

எல்லாப் பதிவிலும் ஷாமினி இன்னும் இங்கேதான் இருக்கிறாள். குடும்ப டாக்டரிடம் எங்கள் முகவரி. வாக்காளர் கடிதம் எங்கள் முகவரி. வருடாவருடம் தோட்டக் குத்தகை புதுப்பிக்கிறபோதும் எங்கள் முகவரி. அவள் வெலிங்டனில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாறிக்கொண்டேயிருந்ததால் அதுதான் வசதி என்று தொடங்கினோம். பிறகு அவள் ஒரு இடத்தில் நிலையாக இருந்துவிட்டாள். டானியல் என்று ஒரு பையன் கூட இருக்கிறான், நல்லவன். நாங்கள் மட்டும் முகவரியை மாற்றவில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று யாராவது கேட்டால் வெலிங்டனில் என்போம். எந்தத் தெரு என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது. போகவேண்டி வந்தால் அவள் விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போவாள், காருக்குள்ளிருந்து கடலைப் பார்த்துக்கொண்டு போவோம்.

எனக்குத் துண்டைப் பற்றிய கவலையா, அந்தக் கேள்வியைப் பற்றிய கவலையா என்று அந்த வாரம் முழுக்க யோசித்துப் பார்த்தேன். கவலை எதுவும் கையில் அகப்படவில்லை. ஏதோ இருக்கவேண்டிய இடத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்ததுபோல இருந்தது.

6

ஷாமினி வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து இறங்கினாள். டானியலுக்கு வேலை, வரவில்லை. என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவள் நெஞ்சைப் பார்த்துத் தயங்கி, தோளைப் பிடித்தாள். “அப்பா, மெலிஞ்சிட்டீங்க” என்றாள். அதற்குப் பிறகு பெரும்பாலும் இங்கிலீஷ்.

சனிக்கிழமை காலையில் மூவரும் தோட்டத்துக்குப் போனோம். ஷெரில் குழாயடியில் யாருக்கோ ஹோஸ் பூட்டிக்கொண்டு நின்றார். நான் வழியில் காருக்குள் ஷாமினியிடம் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. கிறேஸ் பின்சீட்டிலிருந்து என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள்.

ஷாமினி புல்லுக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“அப்பா, இதில எது என்ர காணி?”

அக்காவின் குரல் ஞாபகம் வந்தது. கையால் காட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு களித்தரையைப் பார்த்தாள். பிறகு மறுபடி குழாயடியைப் பார்த்தாள்.

“நான் மற்றதெண்டு நினைச்சன்” என்றாள். “எனக்குக் கூடாதது, உங்களுக்கு நல்லது எண்டு. நீங்கள் எப்பவும் குழாயடியிலதானே நிப்பீங்க.”

“உனக்குத்தான் நல்லது” என்றாள் கிறேஸ். “உன்ர அப்பா சேத்துக்குள்ள நிண்டு உன்ர காணிக்குத் தண்ணி விட்டவர்.”

ஷெரில் வந்துவிட்டார். சுகம் விசாரித்து முடிந்ததும், குற்றம் பிடிக்கிற தொனி சிறிதும் இல்லாமல், எல்லாரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டார். நீங்கள் இப்போது ஆக்லாந்தில்தானே வசிக்கிறீர்கள்?

ஷாமினி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று நின்றாளோ தெரியாது. கிறேஸ்தான் முந்திக்கொண்டாள்.

“சொல்லன் பிள்ளை. வீடு இஞ்சதானே.”

ஷாமினி தாயின் பக்கம் திரும்பினாள். கோபமில்லை. சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா, ஐ டோன்ட் லிவ் ஹியர்.”

அவ்வளவுதான். யாரும் இறக்கவில்லை, யாரும் வீட்டைவிட்டுப் போகவில்லை. போனது எப்போதோ நடந்து முடிந்த விஷயம். ஆனால் அதை அதுவரை யாரும் அந்த வசனத்தில் சொல்லியிருக்கவில்லை. கிறேஸ் தலையை ஆட்டினாள். “ஓம், ஓம், அது தெரியும்தானே” என்றாள். பிறகு குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். மண்ணைத் தொடாத கையை நெடுநேரம் கழுவினாள்.

ஷெரில் தன் கம்பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஒன்று கேட்கிறேன், நீங்கள் ஏன் அந்தச் சதுப்பை உங்களுக்கு வைத்துக்கொண்டீர்கள் என்று எனக்கு இத்தனை வருடமாக விளங்கவில்லை” என்றார்.

“இது என் சீதனம்” என்று ஷாமினி இங்கிலீசில் சொன்னாள். பகிடியாகச் சொல்லத் தொடங்கினாள், பாதியில் குரல் பகிடியாக இல்லை. “நல்லதை எனக்குத் தந்திருக்கிறார்.”

பிறகு ஷெரிலிடம், தன் துண்டை அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றாள்.

7

அடுத்தவர் நவம்பரில்தான் வருவார், அதற்குள் வேண்டியதைத் தோண்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஷெரில். செடிகளைச் சொன்னார். ஷாமினி மண்ணை எடுத்துக்கொண்டாள்.

கோபாலின் தள்ளுவண்டியை இரவல் வாங்கினாள். புல்லை விலக்கி, அடியிலிருந்த கறுத்துச் சிவந்த மண்ணை வெட்டி ஏற்றி, பலகை போட்டுக் களித்தரைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டினாள். நகரத்தில் கணினி முன்னால் இருந்து வேலை செய்கிற பிள்ளை, இரண்டாவது வண்டியிலேயே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கிறேஸும் மண்வெட்டி எடுத்தாள். எடுத்ததும் எடுத்தாள், யாருடைய கால் கை என்று பாராத வெட்டு. எனக்குப் பாரம் தூக்கக்கூடாது. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்து, என் மகள் தன் காணியை வண்டி வண்டியாக எனக்குக் கொண்டுவந்து கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீதனம் திரும்பி வருவது எங்கள் பக்கம் நல்ல அறிகுறி இல்லை. அதை நினைத்தபோது சிரிப்பு வந்தது. அத்தனை மாதத்தில் முதல் தடவை.

“என்ன சிரிக்கிறியள்?” என்றாள் கிறேஸ், மூச்சு வாங்கிக்கொண்டு.

“ஒண்டுமில்லை. இவ்வளவு காணும், விடுங்கோ.”

“அரைவாசி கூட எடுக்கேல்லையே.”

“வாற சனம் என்னத்தில நடுறது? விடுங்கோ.”

ஷாமினி வண்டியை நிறுத்தினாள். கிறேஸ் சண்டை பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மண்வெட்டியை வைத்தாள். நான் ஒன்றை வேண்டாம் என்று சொன்னது அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும்.

போகிற நேரம் ஷெரில் வந்து, பதிவை முடித்ததற்கு அத்தாட்சி அனுப்பவேண்டும், எந்த முகவரிக்கு என்று கேட்டார். நான் வழக்கம்போல எங்கள் வீட்டு இலக்கத்தைச் சொல்ல வாயெடுத்தேன். ஷாமினி தன் முகவரியைச் சொன்னாள். மாடி இலக்கம், கட்டட இலக்கம், தெரு. மாவோரிப் பெயருள்ள தெரு. எத்தனையோ வருடமாக என் பிள்ளை இரவில் போய்ப் படுக்கிற இடத்தின் பெயரை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

காரில் வரும்போது, “அந்தத் தெருவை இன்னொருக்காச் சொல்லு பிள்ளை” என்றேன்.

சொன்னாள். நான் பிழையாகச் சொன்னேன். திருத்தினாள். ஒடாஹுஹு கடைத்தெருவில் சிவப்பு விளக்கில் நின்றபோது மறுபடி சொல்லிப் பார்த்தேன். “நியர்லி” என்றாள். விளக்கு பச்சையாகி, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

திங்கட்கிழமை, அவள் விமானம் ஏறுவதற்கு முன், அவள் கொட்டிய மண்ணில் தக்காளி நட்டோம். அவள்தான் குழி தோண்டினாள். நான் கன்றைப் பிடித்துக்கொண்டேன்.

8

இப்போது பெப்ரவரி. குழாயடித் துண்டில் ஒரு இளம் குடும்பம் இருக்கிறது. புல்லை முழுக்க எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்குத் தொப்பி போட்டு வண்டிலில் இருத்திவிட்டு வேலை செய்கிறார்கள். முதல் நாள் அந்தப் பெண், இங்கே முன்பு என்ன இருந்தது, மண் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று கேட்டாள். என் மகளுடைய காணி என்றேன். அவள் இங்கே வருவாளா என்று கேட்டாள். அவள் வெலிங்டனில் வசிக்கிறாள் என்றேன். சொல்வதற்கு அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. சுகமாகவும் இருக்கவில்லை.

எங்கள் தக்காளி நத்தாருக்கு வரவில்லை. களி மண்ணின் குளிர் வேரைப் பிடித்துவைத்திருந்தது. ஜனவரி கடைசியில்தான் பழுக்கத் தொடங்கியது. ஒரு துண்டு எனக்குக் கணக்காக இருக்கிறது. காலையில் போய் மத்தியானத்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். உப்புக் குறைந்தால் இப்போதெல்லாம் இடைக்கிடை சொல்லுகிறேன்.

நேற்றுப் பாதி பழுத்த பழங்களாகப் பார்த்துச் செடியிலிருந்து ஆய்ந்தேன். போய்ச் சேருகிற நேரம் பழுத்திருக்கும். கிறேஸ் ஒவ்வொன்றையும் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். மேலே ஈரத்துணியில் ஒரு பிடி வல்லாரை. ஒட்டுநாடா போட்டு முடிந்ததும், “போனை எடுத்து அவளின்ர விலாசத்தைப் பாருங்கோ” என்றாள்.

தேவையில்லை என்றேன். மாடி, கட்டடம், தெரு எல்லாவற்றையும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதினேன். கிறேஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, உதட்டை அசைத்து அதை மெதுவாக வாசித்தாள். பிறகு இன்னொருமுறை வாசித்தாள். பிழை ஒன்றும் சொல்லவில்லை.

பாரம் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக் காருக்குக் கொண்டுபோனேன். தையலுக்கு இடப்பக்கம் அது பட்டதே தெரியவில்லை. வலப்பக்கம் நல்ல பாரமாக இருந்தது.